கேட்டுட்டுச் சொல்லுங்க, ஃபாதர்

12-4-1977
இன்றும் எடமலைப்பட்டி புதூரிலிருந்து பாலக்கரை அச்சகத்துக்கு நடந்தே போனேன். பஸ் வராமல் இல்லை. வந்தது. கண்டக்டரின் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் என் இரண்டு கைகளும் தானாகத் தலைக்கு மேல் போய்விட்டன, அடியைத் தடுக்கிற மாதிரி. ஸ்டாப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எமர்ஜென்சி முடிந்துவிட்டதாம். யாருக்கு?

15-4-1977
மேரியின் அண்ணன் வந்திருந்தார். "நடந்தது நடந்துபோச்சு மாப்ளே. அதையே பேசிக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

நான் எங்கே பேசினேன்? அரசாங்கத்தைத் திட்டி ஒரு நோட்டீஸ் எங்கள் அச்சகத்தில் அடித்தோம் என்று போன வருஷம் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனிலிருந்து திரும்பியபின் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேசாததற்கே இவ்வளவு புத்திமதி!

3-5-1977
மேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "உங்கள என்னங்க பண்ணாங்க?" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் குரல் இப்படி நடுங்கிக் கேட்டதில்லை. சொன்னேன். நோட்டீஸ் கொடுத்தது யார் என்று கேட்டுக் கேட்டு உள்ளங்காலில் லத்தியால் அடித்தது. தண்ணீர் கேட்டபோது செய்தது — அங்கே நின்றுவிட்டேன்.

அவள் என் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

"பேரைச் சொல்லல மேரி. கடைசிவரைக்கும் நான் பேரைச் சொல்லவே இல்ல."

4-5-1977
முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். எனக்குப் பசித்தது.

19-6-1977
பூசை முடிந்ததும் ஃபாதர் தனியாகக் கூப்பிட்டார். "மன்னிச்சிடு சகாயம். மனசு லேசாகும்."

"என்ன நடந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே? மொதல்ல கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க ஃபாதர், மன்னிக்கணுமா வேணாமான்னு."

என் குரலா அது? ஃபாதர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். மன்னிப்பைப் பற்றி அப்புறம் அவர் வாய் திறக்கவில்லை.

4-7-1977
ஜெகபர் சாதிக் டூட்டி முடிந்து நேராக வந்தான். என்னோடு படித்தவன், இப்போது கண்டக்டர். வாசலிலேயே காக்கிச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "பிடிடா. வேர்வ நாத்தம் அடிக்குது, அவ்வளவுதான். நாளைக்கு என் பஸ்ல வா. பயம் வந்தா கத்து. எவன் கேக்குறான்னு பாக்குறேன்."

5-7-1977
கத்தவில்லை. மன்னார்புரம்வரை கண்ணைத் திறக்கவும் இல்லை. ஆனால் பாலக்கரையில்தான் இறங்கினேன்.

18-9-1977
அச்சகத் தொழிலாளர் கூட்டம். என்னையும் பேசச் சொன்னார்கள். "அடிச்சவர் பேர் வேணாம் தோழர், எதுக்கு வம்பு" என்று செயலாளர் காதில் சொன்னார்.

சொன்னேன். மைக்கில், இரண்டு தடவை. கால் நடுங்கியது. நடுங்கினால் என்ன, நின்றுகொண்டுதானே இருந்தேன்! முன்வரிசையில் மேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

9-3-1978
காலையில் வாசலில் ஒரு ஆள். பச்சைமலைக்காரர், பெயர் தங்கையன். அவரையும் அதே வருஷம் பிடித்துக்கொண்டு போனார்களாம். "நீங்க கூட்டத்துல பேசுனதா சொன்னாங்க..."

மேரி சோறு போட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. அச்சகத்துக்கு லீவு சொல்லி அனுப்பினேன். மத்தியானம் தாண்டித்தான் ஆரம்பித்தார். அவர் நிறுத்தியபோதெல்லாம் நானும் சும்மா இருந்தேன்.

இன்னும் பாதிகூட ஆகவில்லை. மலைக்குப் போகிற பஸ் போய்விட்டது. மேரி அவருக்குப் பாய் உதறிப் போடுகிறாள்.