பக்கக் கதவை மறித்து நிற்கும் கார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் குரலை உயர்த்துவேன், நீ "லைன் சரியில்லக்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய், அந்த அப்புறம் வரவே வராது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. வைத்துவிடாதே. கடைசி வரைக்கும் படி.

முதலில் உன் அத்தான் சமாசாரம். ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன மனிதர், இப்போது கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானாகவே மாறிக்கொள்கிறார். நான் கை கொடுக்கப் போனால் முறைக்கிறார். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றக் காலா வேண்டும் என்று அவரே கேட்கிறார். தெருமுனைக் கடையை வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை மறுபடி திறப்பதாக முடிவு. அதற்குள் பழைய வாடிக்கைக்காரர்கள் மிக்சியும் ஃபேனுமாகக் கொண்டுவந்து வராந்தாவில் அடுக்கிவிட்டார்கள். போன வாரம் முகம் மழித்துக்கொண்டு கண்ணாடியை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, மாப்பிள்ளைக் களை வந்துடுச்சோ?" என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று உனக்குத் தெரியாது.

அவர் வெளியே போவதற்கு இருப்பது பக்கக் கதவு ஒன்றுதான். முன்வாசலில் படிகள், இறங்கினால் நேரே ரோடு. சாய்தளம் போட இடம் கிடையாது. பக்கக் கதவைத் திறந்தால் நமக்கும் பல் டாக்டர் வீட்டுக்கும் பொதுவான வண்டிப்பாதை. ஒரு வண்டி போகிற அகலம்தான். அதனால்தானே சாவி மாற்றிக்கொள்கிற ஏற்பாடே வந்தது? அவர்கள் கார் சாவி ஒன்று நம் சமையலறை ஆணியில், நம் வேன் சாவி ஒன்று அவர்கள் வீட்டு ஆணியில். யார் வண்டி மறித்தாலும் கூப்பிட வேண்டியதில்லை. எடுத்து, நகர்த்தி, சாவியைத் திரும்ப மாட்டிவிட வேண்டியது. பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு நான் எத்தனையோ தடவை டாக்டர் காரைப் பின்னால் எடுத்திருக்கிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை.

நீ ஊருக்கு வந்துவிட்டுப் போன கொஞ்ச நாளில் டாக்டர் மனைவி வந்தாள். "சர்வீஸுக்கு விடறோங்க, ரெண்டு சாவியும் கேக்கறாங்க" என்றாள். உட்கார வைத்து, காபி கொடுத்து, சாவியையும் கையில் கொடுத்து அனுப்பினேன். போன சாவி போனதுதான். அடுத்து அவர்கள் வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. பழைய கார் நம் பக்கக் கதவை ஒட்டி வந்து நின்றது. அன்றிலிருந்து அசையவில்லை. என்னைப் போல ஒல்லியானவள் பக்கவாட்டில் நசுங்கிப் போகலாம். நாற்காலி எப்படிப் போகும்?

டாக்டரிடம் தன்மையாகத்தான் கேட்டேன், சத்தியமாக. முதலில் "அடடா, இதோ எடுத்துடறேங்க" என்றார். அடுத்த தடவை, டிரைவர் வரட்டும் என்றார். அதற்கும் அடுத்த தடவை தலையைக்கூட நிமிர்த்தாமல், "பொதுப் பாதைதானேங்க" என்றார். அட மகராசா, அதைத்தானே நானும் சொல்கிறேன்! பொதுப் பாதை என்றால் உங்கள் காருக்கு மட்டும் பொதுவா?

வேறு வழியில்லாமல் தெருச் சங்கத்தில் சொன்னேன். சங்கத் தலைவர் நம் ரிட்டயர்டு கண்டக்டர்தான். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நம் வராந்தாவிலேயே மிக்சிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினார். நானும் விடவில்லை. "நான் நாதியத்தவள்னு நினைச்சுட்டீங்களா டாக்டர்? பாதி வீடு என் தம்பி பேர்ல இருக்கு. அவன் கேட்டா சும்மா இருக்கமாட்டான்" என்று மார்தட்டினேன். சொல்லி வாய் மூடவில்லை, டாக்டர் போனை எடுத்து, நீ பேசி அனுப்பியிருந்ததை எல்லாரும் கேட்கப் போட்டார்.

நீ பேசியது உனக்கு மறந்திருந்தால் நானே எழுதுகிறேன். எனக்கு மறக்காது. "தாராளமா நிறுத்திக்கோங்க சார், எனக்குச் சம்மதம். அக்கா அப்படித்தான் எதுக்கெடுத்தாலும் கத்துவாங்க, கண்டுக்காதீங்க. நாளைக்குச் சம்பந்தி ஆகப்போறோம், நமக்குள்ள என்ன சார்."

சம்பந்தி! நம் குட்டிக்கும் டாக்டர் பையனுக்கும் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பது அவளுடைய சொந்த அத்தைக்கு, நாலு பேர் நடுவில், அடுத்த வீட்டுக்காரர் போனிலிருந்து தெரியவேண்டியிருந்தது. பஸ்ஸில் ஆயுசு பூராவும் கத்திய கண்டக்டர் குனிந்து ஒரு ஃபேனின் இறக்கையைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அத்தானும் கேட்டுவிட்டார். எல்லாரும் போன பிறகு, "விடு, குழந்தை கல்யாணம் நல்லா நடக்கட்டும். கடை எங்கே ஓடிப்போகுது" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் முகம் மழிக்கவில்லை.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, வருத்தமில்லை. அவர் வெளியாள். நீ யாருடா? ஆஸ்பத்திரியிலிருந்து அத்தானை அழைத்து வந்த அன்று நாற்காலியை ஒரு பக்கம் நானும் மறு பக்கம் நீயும் பிடித்து அந்தக் கதவு வழியாகத்தானே உள்ளே கொண்டுவந்தோம்? தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. என்னிடம் ஒரு வார்த்தை, "அக்கா, இப்படி ஒரு சம்பந்தம் வந்திருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கேட்டிருந்தால் நானே ஏதாவது யோசித்திருப்பேன். நீ என்னைக் கேட்கவில்லை. என்னைக் கோமாளியாக்கி அவருக்குச் சிரிக்கக் கொடுத்தாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்தில், இந்தச் சம்பந்தமே நடக்காமல் அடிக்க என்னால் முடியும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. குட்டியின் முகம் கண்ணில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கண்டக்டர் மட்டும் விடவில்லை. மறுநாள் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து ஒரு வழி சொன்னார். பழைய கார் நம் கதவைத் தாண்டிப் பாதையின் பின்கோடியில் நிற்கட்டும், புதுக் கார் வாசல் கேட் பக்கம் நிற்கட்டும், நாற்காலி போகும்போது எடுத்து நகர்த்த வசதியாகச் சாவிகள் பழையபடி மாறட்டும் என்றார். நான் சரி என்றேன். டாக்டர் மனைவியும் உடனே தலையாட்டினாள், பாவம், அவளுக்கும் என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். டாக்டர் மட்டும், "அவங்க தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் எடுத்துடறேன்" என்றார். பாதி வீட்டுக்கு உரிமைக்காரி நான் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன், என் வார்த்தை செல்லாதாம்.

ஆகவே கேட்கிறேன். கடை திறக்கிற திங்கட்கிழமைக்குள் டாக்டருக்குப் போன் செய். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், என்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டாம். அத்தான் வெளியே போக அந்தக் கதவு வேண்டும் என்று மட்டும் சொல். உன் சம்பந்தத்துக்கு ஒரு குறையும் வராது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

குட்டிக்கு என் ஆசீர்வாதம். அவள் மனம்போல வாழட்டும். இதெல்லாம் அவள் காதுக்குப் போக வேண்டாம். அவள் வாழ வரப்போவது அடுத்த வீட்டுக்கு, தம்பி. நீ எங்கேயோ கடல் தாண்டி இருப்பாய். அவள் அங்கே சிரித்தாலும் அழுதாலும் முதலில் கேட்கப்போவது எனக்குத்தான். என்றைக்காவது அவளுக்கு ஒன்று என்றால் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டேன், தெருவே கூடும்படி கத்துவேன். அன்றைக்காவது என்னை நம்புடா.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்