ராங்கிக்கு எடுத்த அளவு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, நான்கு கோழிகள் ஆக ஆறு பேரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோழியா என்று கேட்பாய். கோழிதான். ஃபோனில் உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று உங்கப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன், பாவம் மனிதர் ஒரு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்.

போன மாதம் நீ கூப்பிட்டு, இங்கேயே ஒரு வீடு பார்த்திருக்கோம்மா, வாங்கிட்டா அப்புறம் இதுதான் எங்க ஊருன்னு ஆயிடும், நீ சரின்னு சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் பாலே இல்லை. அதற்குப் பிறகு நீ எத்தனை முறை கூப்பிட்டாலும் நான் மழையையும் வெயிலையும் பேசியே ஓட்டினேன், நீயும் மறுபடி கேட்கவில்லை. வீட்டை விற்கிறவர் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பார் என்று மாப்பிள்ளை உங்கப்பாவிடம் சொன்னாராம். ஃபோனில் என்றால் மறுபடி பால் பொங்கிவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோழிக்கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால் பொறுமையாகப் படி, உன் பதிலும் அதற்குள்ளேயே வருகிறது.

நீ ஃபோன் செய்த அதே வாரம் எதிர்வீட்டு நர்ஸுக்கு மாற்றல் வந்தது. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவள் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து, உங்களுக்குத் தோட்டம் இருக்கேக்கா, நீங்களே வெச்சுக்கோங்க என்று என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே நான்கு இளங்கோழிகள், குஞ்சும் இல்லை பெரியதும் இல்லை என்கிற வயசு. ஒன்று கழுத்தைத் தூக்கிக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தது, அதற்கு ராங்கி என்று அப்போதே பேர் வைத்துவிட்டேன். கண்ணைச் சுற்றி வளையம் இருப்பது சோடாபுட்டி. மற்ற இரண்டுக்கும் இன்னும் வித்தியாசம் தெரியவில்லை, நீ வந்து பேர் வை.

அடுத்த நாளே வீடு பார்க்கக் கிளம்பினோம், கோழிக்கு. கடை வாசல் வெயிலில் பச்சைக் கூரை போட்ட பிளாஸ்டிக் வீடு ஒன்று பொம்மை மாதிரி அழகாக இருந்தது, எனக்கு ஆசையாகிவிட்டது. உங்கப்பா உள்ளே கையை விட்டு உடனே எடுத்துவிட்டு, இது வீடு இல்ல, அடுப்பு என்றார். அடுத்தது இரும்புக் கூண்டு. அடித்தளம் முழுக்கக் கம்பி, நான் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தேன், எடுக்கும்போது கையில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. நாள் முழுக்க இதில் நின்றால் கால் என்னத்துக்கு ஆகும் சொல். கடைக்காரரிடம் அதைச் சொன்னால், கோழிக்குப் போய் இவ்வளவு பாக்குறீங்களே என்று சிரித்தார். உங்கப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே செய்றேன் வா என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த கை, ஓய்வு பெற்றதிலிருந்து நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கழற்றி மாட்டுவதுதான் அதற்கு வேலையாக இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அளவு நான் எடுத்தேன். வீட்டில் தையல்காரி இருக்க வேறு யார் எடுப்பது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உயரம், மார்புச் சுற்று, மூக்கிலிருந்து வால் வரை நீளம் என்று நான்கு பேருக்கும் எடுத்து, பள்ளிக்கூடச் சீருடைக்கு அளவு எழுதுகிற அதே நோட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ராங்கி டேப்பை இரண்டு முறை கொத்தினாள். உங்கப்பா அந்த அளவுக்குக் கால் அங்குலம் கூடாமல் குறையாமல் ஒரே வாரத்தில் வீட்டை முடித்தார். வாசலுக்குக் கதவு எப்படித் தெரியுமா, லிஃப்ட் மாதிரி மேலே ஏறி இறங்கும். சமையலறை ஜன்னலிலிருந்து கயிற்றை இழுத்தால் போதும், எதிர்ப்பக்கம் எடை தொங்குகிறது, பூப்போல ஏறும். முதல் நாள் நானும் அவரும் மாற்றி மாற்றி இழுத்து இழுத்து விட்டதில் காப்பி ஆறிப்போனது.

மூன்றாம் வாரம் ராங்கி வாசலில் மாட்டிக்கொண்டாள். தலையும் நெஞ்சும் வெளியே, பின்பக்கம் உள்ளே. அவர் முன்னாலும் நான் பின்னாலும் பிடித்து ஒரு வழியாக எடுத்தோம், அவள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைத்தால் மூன்று அங்குலம் உள்மடிப்பு விடுகிறவள் நான், இந்த வட்டாரத்தில் அதற்குத்தான் எனக்குப் பேரே. வளர்கிற கோழிக்கு அன்றைய அளவிலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கப்பா அந்த நோட்டை எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார், அது போதாதா எனக்கு.

இனி பெரிய வீடாகத்தான் கட்ட வேண்டும், அதற்கு உறுதியான மரச்சட்டம் வேண்டும். மரக்கடைக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவர் உன் அறை வாசலில் நின்று உன் கட்டிலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு நாள் இப்படி. அவர் கேட்கவில்லை, நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. உன்னிடம் சொன்னதில்லை, நீ போனதிலிருந்து ஆறு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறேன். யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி விரிப்பேன். நீ வந்து படுக்கப் போகிறாய் என்றே வைத்திருந்தேன். உன் வீட்டுப் பேச்சுக்கு நான் பதில் சொல்லாததற்கு அந்தக் கட்டில்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

போன செவ்வாய் மத்தியானம் நல்ல மழை. நான் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தேன். சின்ன வீட்டுக்குள் நான்கும் நுழைய முடியாமல் நனைந்து நிற்க, உங்கப்பா கூடையில் அள்ளிக்கொண்டுவந்து உன் அறையில் விட்டிருக்கிறார். நான் வந்து கதவைத் திறந்தால், மூன்று கட்டிலுக்கு அடியில், ராங்கி மட்டும் விரிப்பின் நட்டநடுவே கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உங்கப்பா நான் கத்துவேன் என்று துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கிறார். நான் அவளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கையை வைத்தேன். விரிப்பு வெதுவெதுவென்று இருந்தது. ஆறு வருஷத்தில் அந்தக் கட்டிலில் உடம்புச் சூடு பட்டது அன்றைக்குத்தான். கொஞ்சம் அழுதேன், உன்னிடம் என்ன மறைப்பு. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. போய் ஸ்பேனர எடுத்துட்டு வாங்க என்றேன். முதல் போல்டை நானே கழற்றினேன், உங்கப்பா இன்றுவரை அதை நம்பாமல் பார்க்கிறார்.

உன் கட்டில்தான் இப்போது கோழிவீடு, வந்து பார்க்க வேண்டுமடி நீ. கட்டில் கால் முழங்கால் உயரம், அதனால் ஈரமும் ஏறாது எலியும் ஏறாது. சுற்றிலும் விரல் நுழையாத கம்பிவலை, பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. காற்று அவர்கள் தலைக்கு மேலே போய் வருகிறது, உட்காருகிற இடத்தில் அடிப்பதில்லை. அடியில் இழுத்துக் கழுவுகிற தட்டு. தலைமாட்டுப் பலகையில் நீ காம்பஸால் கீறிவைத்த பூ இருக்கிறதே, அதற்குக் கீழே முட்டையிட இரண்டு பெட்டி. கிழக்கே பார்த்த வாசல், காலை வெயில் நேராக விழுகிறது. வாசல் அளவை ராங்கிக்கு எடுத்து மூன்று அங்குலம் கூட்டிக் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்க்கிறேன், துணி வெட்டுகிற வேலை அப்படியே கிடக்கிறது.

ஆகவே நீ வீட்டை வாங்கு. சரி என்று அம்மா சொல்கிறேன், வாய்வார்த்தைக்கு இல்லை, மனசோடு. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான் கோழிக்குப் பார்த்ததையெல்லாம் பார்த்துவிடு. மத்தியானம் ஒருமுறை போய்ச் சுவரில் கை வைத்துப் பார், சுடுகிறதா என்று. மழை எந்தப் பக்கம் அடிக்கும், தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் கேள். தாழ்ப்பாளை நீயே போட்டுப் பார். கடைக்காரர் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், அந்த வீட்டில் குறையில்லாமல் நூறு வருஷம் இருங்கள். அப்பா தனியாக எழுதமாட்டார், லிஃப்ட் கதவைப் படம் வரைந்து இத்துடன் வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறேன். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. ஒன்றை மறந்துவிடாதே, இன்றைக்கு நீங்கள் இரண்டு பேர் என்று அளந்து வாங்காதே, உள்மடிப்பு விடு. ஏதாவது ஓர் அறையில் சுவரோரமாக ஆறேகால் அடிக்கு மூன்றேகால் அடி காலியாக வை. உன் கட்டிலின் அளவு அது. அந்த இடத்தில் ஒரு கட்டில் போட்டு விரிப்பு விரித்து வை, நான் வந்து படுக்கிறேன்.

இப்படிக்கு,
விரிப்பு மாற்றும் வேலை ஒழிந்த
உன் அம்மா