பிழிந்து வைத்த தண்ணீர்

கொட்டாஞ்சேனை
11-8-46

அன்புள்ள மகன் நாகேந்திரத்துக்கு,

ஓம், நீ கண்டுபிடித்தது சரி, போன கடிதம் என் கையெழுத்தல்ல. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பேர்ணடெற் எழுதினாள். கைவீக்கம் முற்றாகப் போய்விட்டது என்று எழுதச் சொன்னதும் நான்தான். அவள் பேனையை நிறுத்தி, அன்ரி, வீக்கம் போயிற்றெண்டா ஏன் நான் எழுதிறன் என்று கேட்டாள். நீ எழுது பிள்ளை என்றேன். அவள் கேட்டதையே நீயும் கேட்டிருக்கிறாய்.

என் வலதுகை நீங்கலாக நாங்கள் சுகம். பெங்களூரில் நீ முழுச் சுகமாய் இருக்க முருகனை வேண்டுகிறோம். பொய் சொன்ன காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாதத்தில் என் வீக்கம் வற்றாவிட்டால் ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். பாகற்காயிலிருந்து அந்தக் கசப்பைப் பிரித்தெடுக்க இரண்டு வருடம் பாடுபட்டவன் என் விரல்களுக்காக வரக்கூடாது என்று நினைத்தேன். அந்தப் பொய் உன் குறிப்பேட்டில் ஏறும் என்று நினைக்கவில்லை. நீ அந்தக் கசப்பைச் சோதிக்கும் எலிகளுக்குக் கீழே என்னையும் ஒரு வரியாகப் போட்டிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு.

நடந்தது இது. நீ சொன்னபடி முப்பது நாளும் பாகற்காய் சாப்பிட்டேன். அளவுக்கு என் காப்பை வைத்துக்கொண்டேன். காலையில் எண்ணெய் பூசாமல் போட்டுப் பார்ப்பேன். பெருவிரல் அடியில் வந்து நிற்கும், முதல் நாளும் அங்கே, முப்பதாம் நாளும் அங்கே. காயை வெட்டி, உப்புப் பிரட்டி, சற்று வைத்து, இறுக்கிப் பிழிந்து, தேங்காய்ப்பாலில் கறி வைத்தேன். அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார், ஆனால் எலியளுக்குக் குடுக்கிறதை எனக்கும் ஏன் தாறீர் என்று இடைக்கிடை கேட்டார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும்போது கையிலிருந்து சோக்கட்டி விழுகிறது. பிள்ளைகள் சிரிக்காமல் எடுத்துத் தருகிறார்கள். சிரித்தால் நல்லது என்று தோன்றும். இம்மாத முடிவில் வைத்தியர் என்னைப் பார்ப்பார், எழுத இயலாது என்று அவர் சொன்னால் ஓய்வுதான் என்று தலைமை ஆசிரியை மரியாதையாகவே சொன்னார்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து நம் வீட்டில் துணி துவைக்க வரும் ஆறாயிக்கும் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கடந்த செவ்வாய் அவள் நனைந்த படுக்கைவிரிப்பை முறுக்கிப் பிழிவதைப் பார்த்தேன். கை எப்படிச் சுகமாயிற்று என்று கேட்டேன். பாவக்காயப் பிழிஞ்சு கிண்ணத்துல வெச்சிருப்பீங்களேம்மா, அந்தத் தண்ணியத்தான் குடிச்சேன், வீணாக் கொட்டுவானேன்னு, என்றாள். பிறகு, சத்தெல்லாம் எனக்குக் குடுத்துட்டு சக்கைய நீங்க திங்கிறீங்க என்று சிரித்தாள். மதிலுக்கு அப்பால் நின்ற பேர்ணடெற்றும் சிரித்தாள். நான் சற்றுப் பிந்திச் சிரித்தேன்.

வீங்கிய எலிக்காலை வற்றச் செய்தது அந்தக் கசப்புத்தான் என்று நீ எழுதியிருந்தாய். உப்பு காயிலுள்ள நீரை இழுக்கும் என்று வருடாவருடம் வகுப்பில் படிப்பிக்கிறவள் நான். அடுப்படியில் அது நினைவுக்கு வரவில்லை. பிழியாமல் பாகற்காய் சமைக்கலாம் என்று நம் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. நீயும் பிழிந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவன், எனக்குச் சொல்ல மறந்துவிட்டாய்.

இன்னொன்று. ஆறாயி அதே மாதம் கொச்சிக்கடையில் ஒரு வீட்டில் மிளகாய் அரைக்கும் வேலையையும் விட்டிருக்கிறாள். கேட்டபிறகுதான் சொன்னாள். கையை வற்றவைத்தது தண்ணீரா, அம்மியை விட்டதா, எனக்குத் தெரியாது. இரண்டையும் குறிப்பேட்டில் எழுது.

புதன்கிழமை தொடக்கம் உப்பில்லாமல் பிழிந்த சாற்றைக் காலையில் சிறிய கோப்பையில் குடிக்கிறேன். ஐந்து நாள். விடிய எழும்பும்போது விரல்களின் விறைப்புக் குறைந்தது போல. போல என்பதன் கீழ் கோடு போட்டிருக்கிறேன், பார். இக்கடிதத்தை நானே எழுதுகிறேன், நாலு இடத்தில் நிறுத்தி. எழுத்து எங்கே சாய்கிறது என்பதை நீயே கண்டுகொள்வாய்.

வராதே. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வைத்தியர் சொன்னால் நான் வீட்டில் இருப்பேன். நீ வந்து பக்கத்தில் இருப்பதால் ஒரு விரலும் வற்றாது. எலிகளைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடு. மழையில் நனையாதே. இனி உனக்குப் பொய் எழுதமாட்டேன். நீயும் மத்தியானம் சாப்பிடுகிறாயா என்பதை உண்மையாக எழுது. முருகன் உன்னைக் காப்பான். அப்பாவின் ஆசியும் இதிலேயே.

உன் அம்மா,
இரா. இரத்தினம்மா

உறையை ஒட்டுமுன் காப்பைப் போட்டுப் பார்த்தேன். பெருவிரல் அடியில் நின்றது. கழற்றி மேசையில் வைத்தேன். பிறகு நாளைக்கு எனக்கும் ஆறாயிக்கும் ஆளுக்கொரு கோப்பைச் சாற்றுக்குக் காணும்படி பாகற்காய் வெட்டினேன். உப்புப் போடவில்லை.