மிஞ்சிய ஆறு மங்கு அரிசி

நண்பா,

லாபு தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பேனா போட்டுவைக்க, ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை எனக்குக் கொடுத்தாள். மேசைமேல் வெறுமையாகவே இருக்கிறது.

ஜப்பானியர் வந்து பள்ளியை மூடியபின், நீயும் நானும் தோட்டத்துக்குத் திரும்பி ரப்பர் மரம் சீவினோம். பாதியில் நின்ற இயற்கணிதம் என்னை விடவில்லை. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் எப்படி வரும்? அரிசி வரிசையில் நின்றபடி உன்னைக் கேட்டேன். தராசைப் பட்டாளம் கொண்டுபோயிருந்தது, மங்குதான் அளவை. ஆளுக்கு வாரம் இரண்டு மங்கு.

"ஒரு ஆளால ஸ்டோருக்கு ரெண்டு மங்கு கொறையுது. அது மைனஸ் ரெண்டு. இப்ப மூணு ஆளக் கழி, அது மைனஸ் மூணு. ஸ்டோர்ல என்னா ஆவும்?"

"ஆறு மங்கு மிஞ்சும்."

"அவ்ளோதான்லா! இதுக்கா மண்டைய ஒடச்சிக்கிட்ட?"

அந்தக் கணத்தின் மகிழ்ச்சியைப் பின்னாளில் எந்தப் பட்டமும் எனக்குத் தரவில்லை. அரிசி அளந்துகொண்டிருந்த தோட்டத்து எழுத்தர், கிராணி, நிமிர்ந்தார். "நல்ல கணக்கா இருக்கே தம்பி. இன்னொரு தடவ சொல்லு." நீ பெருமையோடு சொன்னாய்.

மறுவாரம், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்கு மூன்று பேரை அனுப்பும்படி உத்தரவு வந்தது. யார் என்பதைக் கிராணியே தீர்மானித்தார். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட எல்லாரும் நிற்க, உன்னைத்தான் முதலில் அழைத்தார். "வாடா கணக்குப்பிள்ள! மூணே மாசம்லா, வந்துருவ." கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரம் ஸ்டோரில் சரியாக ஆறு மங்கு மிஞ்சியது. தமக்கு வேண்டியவர்களுக்கு ஆளுக்கொரு மங்கு அளந்த கிராணி, என்னையும் கூப்பிட்டார். "ஒன் கூட்டாளி கணக்கு தப்பல பாத்தியா?"

பசி. பையை விரித்தேன்.

மூவரில் ஒருவரும் திரும்பவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளில், நேர்மையாளர் என்ற பாராட்டுரையோடும் மாலையோடும் கிராணி ஓய்வு பெற்றார். அவர் ஒரு மங்கு அரிசியைக்கூடத் திருடவில்லை என்பது உண்மை. அவர் கணக்கில் பிழையே இல்லை. மனிதனை வயிறாக மட்டும் எண்ணுகிறவனுக்குப் பிழை நேராது.

இந்த விதியைப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். ஒழுகும் தண்ணீர்த் தொட்டியைத்தான் உதாரணம் காட்டுவேன்; ஆளைக் கழிப்பதில்லை.

"சார், ஒங்களுக்கு இது எப்ப வெளங்குச்சு?" என்று அந்த மாணவி கேட்டாள்.

"அரிசி வரிசையில், என் கூட்டாளி சொன்னபோது" என்றேன்.

விளங்கிய நாளை அவளிடம் சொன்னேன். அந்த ஒரு மங்கு அரிசியைச் சமைத்துத் தின்ற நாளை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.