பேரை மட்டும் அடிக்க வேண்டாம்

என் செல்லச் சண்டைக்காரி சரோஜாவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. குதைபியாவில் நம் வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். நம் மாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நான் வைக்கும் ரசத்தை அவள் 'ரெட் வாட்டர்' என்கிறாள். அதையும் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறாள், பாவம்.

முதல் செய்தி, அடுத்த மாதம் நாங்கள் பஹ்ரைனை விட்டுக் கிளம்புகிறோம். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. என் அக்கா வீடு பக்கத்துத் தெருவிலேயே. மாலுவுக்குத் தலை பின்ன ஒரு ஆள் வேண்டுமே. நான் போட்டால் இரண்டு சடையும் இரண்டு உயரத்தில் நிற்கிறது. உன்னைக் கரைத்த கடலை விட்டு எப்படிப் போகப் போகிறேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். நீ எனக்குத் தெரியாமல் செய்த காரியம் வெளியே வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் நான் டெலிபோன் ஆபீஸ் வேலையோடு பகுதிநேரப் பட்டாளத்திலும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு, வருஷத்தில் ஒரு மாதம் கேம்ப். "கட்டினது என்னையா, அந்தத் துப்பாக்கியையா?" என்று கேலி செய்வாய். பிறகு வங்காளதேசச் சண்டை வந்து எங்களை முழுநேரத்துக்குக் கூப்பிட்டார்கள். நீ எட்டு மாத வயிற்றோடு பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் இருந்தாய். உத்தரவு வந்த அன்று சாயங்காலமே ரயில். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். ஏதோ ஓர் ஆற்றுப் பாலத்துக்குக் காவல் நின்றேன். திரும்பி வந்தபோது மாலுவுக்கு நான்கு மாதம்.

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, இனி அந்தக் காக்கி நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது. நீங்க போனதுகூடப் பரவால்ல. சொல்லாமப் போனீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

வாக்குக் கொடுத்தேன். இங்கே வந்த பிறகு அதைக் காப்பாற்ற நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவன் கேம்புக்கு வர முடியாது என்று வருஷா வருஷம் எழுதி விலக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். நான் எழுதவில்லை. முதல் வருஷமே அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெரிய தியாகி இல்லையா நான்.

பெங்களூர்த் தொழிற்சாலையில் பழைய பட்டாள விடுவிப்புச் சான்று கேட்டார்கள். கோயம்புத்தூர்ப் பட்டாள ஆபீஸுக்கு எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. ஆண்டுதோறும் என் வீட்டிலிருந்து வந்த விண்ணப்பத்தின்படி என் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதாம். கூடவே இரண்டு படிவங்கள். ஒன்று விடுவிப்புக்கு. இன்னொன்று, நான் விரும்பினால், கர்நாடகத்தில் உள்ள பகுதிநேரப் படைக்கு மாற்றல் கேட்க.

என் வீட்டிலிருந்து யார் எழுதியது? தாளை எடுத்துக்கொண்டு மாடியில் இருக்கும் உன் சிநேகிதி கமலா அக்காவிடம் போனேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சரோஜாதான் தம்பி எழுதுனா. எங்க வூட்டுக்காரர் லீவுல ஊருக்குப் போறப்பல்லாம் அவர்ட்ட குடுத்துவுடுவா. அங்க போயி தபால்ல போடுவாரு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"என்னக்கா எழுதியிருந்தா?"

"ஊருக்குப் போறவங்க கையில குடுக்குற லெட்டர, கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாப்பாங்கன்னு ஒட்டக் கூடாதுல்ல? படிச்சுட்டேன். தப்புதான். 'என் வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்த வாக்குக்காக எழுதாமல் இருக்கிறார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் காலையில் எழுந்து ஆபீஸ் ஷூவை முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டுவிட்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இந்த வருடமும் கேம்புக்கு வர இயலாது. பேரை மட்டும் அடிக்க வேண்டாம்.' மூணு வருசமும் இதேதான்."

அந்த ஷூவை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன், சரோ.

எனக்குக் கோபம் வந்தது. அழுத்தக்காரி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நானாகக் கேட்பேன் என்று காத்திருந்தாயா? கேட்டிருந்தால் சரி என்றிருப்பாயா, சண்டை பிடித்திருப்பாயா? கமலா அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் டீ போட்டுக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு படிவமும் ஒரு வாரம் அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தன. விடுவிப்பில் கையெழுத்துப் போட்டால் உனக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். மாற்றலில் போட்டால் உன் கடிதங்களுக்கு மரியாதை. ஆனால் தாயில்லாப் பிள்ளைக்கு நான் ஒருவன்தான் என்பதும் இருக்கிறதே.

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஷூவோடு உட்கார்ந்தேன். மாலு பக்கத்தில் வந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், வருஷத்தில் ஒரு மாதம் அத்தை வீட்டில் இருக்க வேண்டும், சண்டை வந்தால் கூப்பிடுவார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டாள். "டாடி, போறப்ப எங்கிட்ட சொல்லுவீங்களா? இல்ல, அம்மா மாதிரி நான் ஸ்கூல் போனப்ப போயிடுவீங்களா?"

உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று அவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் அவள் வந்தபோது நீ இல்லை. இத்தனை நாள் அதை அவள் மனதில் வைத்திருக்கிறாள்.

"சொல்லிட்டுத்தான் போவேன்" என்றேன். "ப்ராமிஸ்?" என்றாள். கையடித்துக் கொடுத்தேன். மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "அப்ப போங்க" என்றாள்.

மாற்றல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காக்கி மறுபடி வீட்டுக்கு வருகிறது, சரோ. வாக்குத் தவறிவிட்டேன் என்று சண்டைக்கு வராதே, முதலில் தவறியவள் நீ. உன்னிடம் சொல்லாமல் ரயில் ஏறியதற்கு இந்த ஜென்மத்தில் ஈடு இல்லை. ஆனால் எங்கே கூப்பிட்டாலும், எத்தனை அவசரமானாலும், வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும், உன் மகளை வெளியே கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

உன்னிடம் இப்போதே சொல்லிவிட்டேன். போய்விட்டு வருகிறேன்.

மாலுவின் அப்பா,
உன் மாமா