இடம் காலியில்லை

பிரிஞ்சாங் மேல் தோட்டம், மலாயா,
டிசம்பர் 1944. (ஜப்பான்காரன் கணக்குப்படி 2604 என்றுதான் எழுத வேண்டுமாம். என் கைக்கு அது வரவில்லை.)

சயாமில் எந்த முகாமிலோ இருக்கும் மேவிஸின் அப்பாவுக்கு,

அற்புதம் எழுதுவது. நானும் மேவிஸும் ஆண்டவர் தயவில் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். மதியம் நிற்க முடியவில்லை, வேலை இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முன்பு எழுதியவை வந்து சேர்ந்தனவா தெரியவில்லை. இதைக் கடைக்கார நூர்தீன் பாயிடம் கொடுக்கிறேன். மலையடித் தாப்பாவிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு மறுபடியும் ஆள் ஏற்றுகிறார்களாம். போகிற ஒருவரின் சட்டைப்பையில் வைத்துவிடுவதாகப் பாய் சொன்னார்.

இங்கே தேயிலை பாதி காடாகிவிட்டது. மீதியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருக்கிறோம். மேவிஸ் வளர்ந்துவிட்டாள். கவுன் பற்றவில்லை என்று உங்கள் வெள்ளைக் கால்சட்டையை வெட்டித் தைத்தேன். வந்து சண்டை போடுங்கள், பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

சொல்ல வந்த சேதி வேறு. இங்கே மறுபடியும் தேர்தல் நடந்தது.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் சொந்த ஊர் வெள்ளித்துறைத் தொகுதியின் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருக்கிறது. இங்கேயே பிறந்து கடலையே பார்க்காத நான், அந்த ஊரில் யார் எப்போது ஜெயித்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதல் தேர்தலில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு, தோணி முதலாளி ஜெயித்தார். அப்புறம் உப்பளக்காரர். அவர் பாதியில் இறந்துபோக, இடம் காலி என்று அறிவித்து, இடைத்தேர்தல் வைத்து, அவர் மைத்துனர் வந்து உட்கார்ந்தார். கடைசியில் கட்சிக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள், மஞ்சள் பெட்டி நிரம்பி வழிந்தது. உங்கள் அப்பா ஒவ்வொரு முறையும் தேடிப்பிடித்துத் தோற்கிறவருக்கே கொடி பிடித்தார்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரையும் கணக்கெழுதுகிற பெரிய கிராணியும் ஓடிப்போக, சின்னக் கிராணி நீங்கள் மட்டும் மிஞ்சினீர்கள். லயத்து வீடுகளுக்கு அரிசி அளக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றபோது, ஓட்டுப் போட்டே எடுக்கலாம் என்றீர்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒரு டின்னில் மஞ்சளும் ஒன்றில் சுண்ணாம்பும் பூசினீர்கள். ஆளுக்கொரு தேயிலைக் கொட்டை. மூடிய கையை இரண்டு டின்னுக்குள்ளும் விட்டு எடுக்க வேண்டும், எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. சத்தம் காட்டிக்கொடுக்காமலிருக்க உள்ளே சாக்குத்துணி வேறு. கொழுந்து எடுக்கிற பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்றபோது உங்களுக்கு எதிராக நின்ற கங்காணி நாகரத்தினத்தின் முகம் போன போக்கை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் தோற்றார், நீங்கள் ஜெயித்தீர்கள்.

அந்த வெற்றிதான் நமக்கு வினையாக வந்தது. ஜப்பான் அதிகாரி வந்து, சயாமுக்குப் போகிறவர்களுக்குத் தலைவன் வேண்டும், இங்கே தலைவன் யார் என்று கேட்டான். கங்காணியைக் காட்டியிருக்கலாம். லயமே பெருமையாக, நாங்க ஓட்டுப் போட்டு எடுத்த ஆளு இவருதான் என்று உங்களைக் காட்டியது. பக்கத்து வீட்டு ருக்குமணி கைகூடத் தட்டினாள். உங்களை ஏற்றிக்கொண்டு லோரி கிளம்பியபோதுதான் அவர்களுக்கு உறைத்தது. அதன் பிறகு வெகு நாள் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நீங்கள் போனதிலிருந்து நாகரத்தினம்தான் அளக்கிறார். அளவு லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி, அவர் வீட்டுக்கு ஒரு மாதிரி. இந்த நிலையில் போன மாதம் உங்களோடு லோரியில் போன மாடசாமி சயாமிலிருந்து திரும்பி வந்தான், எலும்பும் தோலுமாக. உங்களைக் காய்ச்சலோடு ஒரு கொட்டகையில் பார்த்தானாம். பிறகு என்று கேட்டேன். பிறகு தன்னை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். நான் மேலே கேட்கவில்லை. அவனும் என் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

அதைக் கேட்ட நாகரத்தினம், இனிமே இடம் காலிதான் லா, முறையா என் பேருக்கு மாத்திடுங்க என்று கிளம்பிவிட்டார். லயத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டு வைக்கலாம், ஆனா கிராணி உட்கார்ந்த இடம், காலின்னு அக்கா ஒரு வார்த்தை சொல்லணும், சொல்லாம நாங்க வைக்க மாட்டோம் என்று என் வாசலில் வந்து நின்றார்கள்.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். காலி என்று என் வாயால் சொன்னால் அது எதற்குச் சமம் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லாவிட்டால் பிள்ளைகளின் அரிசி கங்காணி வீட்டுப் பானையில் வேகும். உங்கள் மேல்தான் கோபம் வந்தது. ஊர்க்கதை சொன்ன மனுஷன், ஜெயித்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போனால் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: இடம் காலியில்லை. அவர் வரும் வரைக்கும் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அப்படியொரு சட்டம் எங்கும் கிடையாது என்று நாகரத்தினம் சிரித்தார். அப்போது ருக்குமணிதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்து, அப்ப நீயே நில்லு லா அக்கா, அவரு இடத்தை வேற யாரு காப்பாத்துவா என்றாள்.

நின்றேன். ஜெயித்தேன். இப்போது நான்தான் அளக்கிறேன். கங்காணி பிள்ளைகளுக்கும் அதே அளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மேவிஸ் பயந்துபோய், தோத்துட்டீங்களாம்மா என்று கேட்டாள். இல்லையம்மா, ஜெயிச்சுட்டேன் என்றேன். அப்புறம் ஏன் அழறீங்க என்றாள். இவ்வளவு பெரிய லயத்தில் எனக்கென்று பேச யாருமில்லை என்பதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

காய்ச்சல் விட்டதா? காலில் புண் இருந்தால் வெந்நீரில் கழுவுங்கள். கர்த்தர் உங்கள் கையைப் பிடித்து மலை ஏற்றிக் கொண்டுவரட்டும்.

இங்கே வருஷத்துக்கொரு முறை தேர்தல் என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்ததற்குள் வந்துவிடுங்கள். எனக்கு எதிராக நில்லுங்கள். என் ஓட்டும் உங்களுக்குத்தான்.

உங்கள்,
அற்புதம்மாள்