ஒட்டுப் போடாத ஏரா

சேசு மரி சூசை துணை
தூத்துக்குடி, 10-2-1941

என் ஆசை அத்தானுக்கு அந்தோணியம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். காய்ச்சல் காட்டில் கிடக்கும் உங்களுக்காகத்தான் தினமும் மாதாவிடம் மன்றாடுகிறேன். கொயினா மாத்திரையைக் கசக்கிறது என்று துப்பாமல் விழுங்குங்கள்.

பெரியண்ணன் புதுத் தோணி கட்டப் போகிறார். சண்டையால் கப்பல் குறைந்து, கொழும்புச் சரக்கெல்லாம் தோணிக்குத்தான் வருகிறதாம். அடிமரமான ஏராவுக்கு நல்ல தேக்கு நீங்கள் பார்த்து அனுப்ப வேண்டும். பெரிய மரங்களை அறுத்துத்தான் டிராம் ரயிலில் ஏற்றுவோம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இதை அறுக்காதீர்கள் அத்தான். ஒட்டுப் போட்ட ஏரா என்றால் எங்கள் வீட்டு ஆண்கள் அந்தத் தோணியில் ஏறமாட்டார்கள்.

மரம் முழுசாக வந்தால் தோணியில் உங்களுக்கும் பங்கு என்று அண்ணன் சொல்லிவிட்டார். அப்புறம் அந்தக் காட்டில் உங்களுக்கு என்ன வேலை? மாதா திருநாளுக்கு என் பக்கத்தில் நின்று சப்பரம் பார்க்கலாம்.

உங்கள்
அந்தோணியம்மாள்


மலை முகாம், 2-4-1941

அன்புள்ள அந்தோணிக்கு,

உன் அண்ணனின் மரம் மலையை விட்டு இறங்கிவிட்டது. அறுக்கவில்லை.

நல்லக்கண்ணு செத்துப் போனான். ஏரல்காரன், டிராம் வண்டிக்குப் பிரேக் பிடிக்கிறவன், எனக்குச் சோறு பொங்கிப் போட்டவன். நீ அனுப்பிய கருவாட்டை எனக்குத் தெரியாமல் தின்று தீர்த்தான் என்று எழுதினேனே, அவன்தான். மரம் ஏற்றும்போதே சொன்னான்: "அண்ணாச்சி, நீளம் கூடுதலா இருக்கு. வளைவுல வாலு வீசும்." நம்ம ஊர்த் தோணிக்குப் போகிற மரம், முழுசாகத்தான் போகணும் என்றேன். சிரித்துக்கொண்டு போனான். வளைவில் பிரேக்கை இறுக்க இறங்கியவனை மரத்தின் வால் பாறையோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

ஏற்றுகிற மேஸ்திரி நான். கால் தவறி விழுந்தான் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன். அவன் மனைவி செல்லக்கிளிக்கும் அப்படியே எழுதிப் போட்டேன். நீயும் மூச்சு விடாதே. மரத்தை நன்றாகக் கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன்.

கஸ்பார்


மலை முகாம், 20-6-1941

அந்தோணி,

மழையில் டிராம் நின்றுவிட்டது. ஏரா போட்டாயிற்று, பங்குக்கு வந்து சேர் என்று உன் அண்ணன் எழுதினார். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் என்றால் திட்டியாவது எழுது. இப்போது நானே பொங்குகிறேன், சோறு குழைந்துபோகிறது. திருநாளுக்கு வரட்டுமா?

கஸ்பார்


தூத்துக்குடி, 8-7-1941

அத்தானுக்கு,

ஏரா போட்ட அன்று சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். முதலில் சீவுகிற சிராயை அடுப்பில் வைத்து வீட்டுப் பெண் பால் காய்ச்சுவது எங்கள் வழக்கம் அல்லவா, அண்ணன் அதை என் கையில்தான் கொடுத்தார். எனக்கு அதை எரிக்க மனசு வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வேறு விறகில் காய்ச்சினேன். எல்லோரும் சந்தோஷமாகக் குடித்தார்கள்.

மறுநாள் ஏரலுக்குப் போனேன். நான் உங்கள் வீட்டுக்காரி என்றதும் செல்லக்கிளி பாய் விரித்து, மோர் கொடுத்தாள். ஆபீசிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நீங்கள் ஒருத்தர்தான் கடிதம் போட்டீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அவர் வண்டியில் வந்த நீள மரத்தை, எங்கள் தோணிக்காக அறுக்க வேண்டாம் என்று எழுதியவள் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

மோர்ச் செம்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு, "மரம் முழுசா வந்து சேந்துட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போனவள் நான் புறப்படும் வரை வெளியே வரவில்லை.

அந்த மரத்தைக் கேட்டது நான். உங்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு யோக்கியதை இல்லை, அதனால்தான் பதில் எழுதக் கை வரவில்லை. எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை.

என் பாவத்தை நான் சொல்லியாயிற்று. உங்கள் பாவசங்கீர்த்தனத்தை நான் செய்ய முடியாது. திருநாளுக்கு வாருங்கள், ஆனால் நேரே இங்கே வராதீர்கள். திருநெல்வேலியிலேயே இறங்கி ஏரலுக்குப் போங்கள். அவர் கால் தவறவில்லை என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். அவள் திட்டினாலும், மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அப்படி வந்தால்தான் உங்கள் பக்கத்தில் நின்று சப்பரம் பார்ப்பேன்.

அந்தோணியம்மாள்